கதை முடிஞ்சுடுச்சு, கண்ணு இன்னும் துப்பு துலக்கிட்டே இருக்கு

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயசு 36, கல்யாணமாகி 9 வருஷம் ஆச்சு, வேலைக்குப் போறேன். ஒரு ஃப்ரெண்ட் சொன்னாளேன்னு ஒரு க்ரைம் த்ரில்லர் சீரிஸ் எடுத்தேன், மொத்தம் 8 புக்கு, 24 நாள்ல முடிச்சுட்டேன். வீட்ல எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சா 2, 3 மணி வரைக்கும் ஓடும். அதுல முதல் புக்குல இருந்து அந்த லேடி இன்ஸ்பெக்டருக்கு கூடவே நின்ன போஸ்ட்மார்ட்டம் டாக்டர்தான் எல்லாத்துக்கும் காரணம்னு எட்டாவது புக்குல தெரிய வருது. அதைப் படிச்சு 5 வாரம் ஆச்சு, இன்னும் என்னால அதுல இருந்து வெளிய வர முடியல. ராத்திரி வாசக்கதவு பூட்டை மூணு நாலு தடவை எழுந்து போய் பாக்குறேன். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு அதுல வர்ற ஒரு சின்னப் பொண்ணோட மஞ்ச ரெயின்கோட் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எல்லாத்தையும் விட மோசம் என்னன்னா என் வீட்டுக்காரர் போனை கவுத்து வச்சாக்கூட மனசுக்குள்ள ஏதோ பண்ணுது. அவர் எத்தனை மணிக்கு வர்றார், என்ன சொன்னார்னு போன்ல குறிச்சு வைக்க ஆரம்பிச்சிருக்கேன், இதை எழுதவே கேவலமா இருக்கு. அவர் ஒண்ணுமே பண்ணல, தங்கமான மனுஷன். ஒரு கதைப் புக்கு படிச்சுட்டு இப்படி ஆகுறது மனசு பலவீனமா? க்ரைம் படிக்கிறதையே விட்டுடணுமா? இன்னும் ரெண்டு மாசத்துல ஒன்பதாவது புக்கு வருது, அதைப் படிக்கலாமா கூடாதா?

பதில்:

முதல்ல ஒண்ணு, நான் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லங்க, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதித் தர மாட்டேன், பேசத்தான் செய்வேன், அதுவும் கொஞ்சம் நீளமா பேசுவேன், பொறுத்துக்கோங்க. சீரிஸோட பேரை நீங்க எழுதியிருந்தீங்க, அதை எடுத்துட்டோம், ஏன்னா படிக்காதவங்களுக்கு கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோயிடும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இங்க உங்க லெட்டரை சுருக்கித்தான் போட்டிருக்கோம். முழு லெட்டரை ரெண்டாவது தடவை படிக்கும்போது பென்சிலை எடுத்து கோடு போட்டுக்கிட்டே வந்தேன். 8 புக்குல எவ்வளவு ரத்தம் ஓடியிருக்கும், அதைப் பத்தி நீங்க எழுதினது அந்த மஞ்ச ரெயின்கோட் ஒரு வரி மட்டும்தான். ஆனா அந்த போஸ்ட்மார்ட்டம் டாக்டரைப் பத்தி ஒன்றரை பக்கம். அவர் எப்படி பேசுவார், இன்ஸ்பெக்டரோட அம்மா இறந்தப்போ எப்படி வந்து சும்மா பக்கத்துல உக்காந்திருந்தார், நாலாவது புக்குல அவர் சுடப்பட்டப்போ நீங்க எப்படி புக்கை மூடி வச்சுட்டு அழுதீங்க, எல்லாம் இருக்கு. கடைசியில "எனக்கு ஏன் தெரியாமப் போச்சு"ன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க. மூணு இடம்! நான் எண்ணினேன்.

அதனால எனக்குத் தோணுறதை நேரா சொல்லிடறேன். உங்களுக்கு வந்திருக்கிறது கொலையைப் பார்த்த பயம் இல்ல, உங்களை ஒருத்தன் ஏமாத்திட்டான், அந்த அடி. பூட்டை நாலு தடவை போய் பாக்குறீங்களே, யாருக்காக? வெளிய இருந்து வர்றவனுக்காக. ஆனா உங்களை பயமுறுத்தினவன் வெளிய இருந்து வரவே இல்லையே, முதல் புக்கோட முப்பதாவது பக்கத்துல இருந்து உள்ளதான் உக்காந்திருந்தான். பூட்டு சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் மனசு அடங்காததுக்கு காரணம் அதுதான், தப்பான கதவுக்கு காவல் காக்குறீங்க. தொல்காப்பியத்துல உணர்ச்சிகளைப் பத்திப் பேசுற மெய்ப்பாட்டியல்ல அச்சத்துக்கு நாலு காரணம் சொல்லியிருக்கு, அணங்கு (பேய், தெய்வம் மாதிரி வருத்துறது), விலங்கு, கள்வர், தம் இறைன்னு. முதல் மூணும் வெளிய இருந்து வர்றது, நாலாவதுல மட்டும் "தம்"னு ஒரு சொல் ஒட்டியிருக்கு பாருங்க, நம்ம ஆளு, நாம தலை வணங்குற ஆளு. உரைகாரங்க அதுக்கு ராஜா, குத்தம் அப்படின்னு வேற விளக்கம் சொல்லுவாங்க, நான் என் வசதிக்கு இழுக்கிறேன்னு வச்சுக்கோங்க. ஆனா திருடனோட பயத்தையும் நம்ம ஆளோட பயத்தையும் ஒரே தட்டுல வைக்காம தனித்தனியா எண்ணியிருக்காங்கல்ல, அது சும்மா இல்ல.

கதையில வர்ற ஆள்தானேன்னு நீங்களே உங்களைத் திட்டிக்கிறீங்க. 1956லயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு பேர் ரேடியோ, டிவியில வர்றவங்களோட ஜனங்களுக்கு உண்டாகுற ஒருதலை உறவைப் பத்தி எழுதினாங்க. நமக்கு அவங்களைத் தெரியும், அவங்களுக்கு நம்மளைத் தெரியாது, ஆனா பழக்கம் பழக்கம்தான். அதுக்கப்புறம் வந்தவங்க கதையில வர்ற ஆளுங்களுக்கும் அதே மாதிரிதான்னு பார்த்திருக்காங்க. நீங்க அந்த டாக்டரோட 24 ராத்திரி, ஒரு ராத்திரிக்கு மூணு நாலு மணி நேரம் இருந்திருக்கீங்க, வீடு அமைதியா இருக்கிற நேரத்துல, வேற யாரும் குறுக்க வராம. நிஜத்துல எத்தனை பேரோட நமக்கு அப்படி ஒரு மாசம் கிடைக்குது சொல்லுங்க. மனசு அதை உறவுன்னுதான் கணக்குல வச்சுக்கும், அச்சடிச்ச பேப்பரா இல்ல ரத்தமும் சதையுமான்னு அந்தக் கணக்கப்பிள்ளை பெருசா பாக்குறதில்ல. அப்போ அந்த உறவு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும், இது பலவீனம் இல்ல, நல்லா படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வர்றது. ஒண்ணுமே ஆகலைன்னு புக்கை மூடிட்டு குறட்டை விடுறவங்களை நான் குறை சொல்லல, ஆனா அவங்க அந்த டாக்டர் பக்கத்துல வந்து உக்காந்த சீனை வேகமா தள்ளிட்டுப் போயிருப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், உங்க வீட்டுக்காரரோட போன்.

க்ரைம் நாவல்ங்கிறது ஒரு விசித்திரமான பொருள், அதுல வீணா ஒண்ணும் கிடையாது. ஒருத்தன் மணியைப் பார்த்தான்னு எழுதியிருந்தா அதுக்கு காரணம் இருக்கும், ஒருத்தி பேச்சை மாத்தினா இருக்கும், மேஜை மேல ஒரு சாவி இருந்தா இருநூறு பக்கம் தள்ளி அது எதையாவது திறக்கும். எழுதுறவர் உக்காந்து யோசிச்சு ஒவ்வொண்ணா வச்சது. சிலது நிஜ துப்பு, சிலது நம்மளை வேற பக்கம் இழுக்கிற போலித் துப்பு, ஆனா எல்லாமே வச்சதுதான். 24 நாள் நீங்க இந்த உலகத்துல இருந்தீங்க, எதையும் விடாம பாருன்னு கண்ணைப் பழக்கிட்டீங்க, பழகாதவங்க இந்த மாதிரி புக்கை ரசிக்கவே முடியாது. பிரச்சனை என்னன்னா கடைசி பக்கம் முடிஞ்சதும் கண்ணுக்கு யாரும் டூட்டி முடிஞ்சுதுன்னு சொல்லல. அது பாட்டுக்கு படிச்சுக்கிட்டே இருக்கு. கையில புக்கு இல்ல, அதனால வீட்டுக்காரரைப் படிக்குது.

ஆனா வாழ்க்கையில எழுதுறவர்னு யாரும் இல்லங்க. போனை கவுத்து வச்சிருக்காருன்னா வெளிச்சம் கண்ணுல படுதுன்னு இருக்கலாம், இல்ல ஒரு காரணமும் இல்லாம கை அப்படி வச்சிருக்கலாம். பேசாம இருந்தார்னா தலைவலியா இருக்கும். நாம பண்றதுல பெரும்பாலானது துப்பு இல்ல, வெறும் நடக்கிறதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க, இதுல நீங்க அரண்டது மட்டும் இல்ல, இருட்டுல தேடுறதுக்கு ட்ரெய்னிங்கும் எடுத்திருக்கீங்க. நானும் க்ரைம் படிக்கிறவதான், ஒரு நாவல்ல கொலைகாரனுக்கு இடது கை பழக்கம், அதைப் படிச்ச வாரம் என்கிட்ட வந்த ஒரு மனுஷர் ஃபார்ம்ல இடது கையால கையெழுத்துப் போட்டார், எனக்கு ஒரு நிமிஷம் முதுகு சில்லுன்னு ஆச்சு. பாவம் அவர் தூக்கம் வரலைன்னு வந்தவர்.

"எனக்கு ஏன் தெரியாமப் போச்சு"ங்கிறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒரு கைதேர்ந்த ஆள் வருஷக்கணக்கா உழைச்சிருக்கார். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவர் தோத்துட்டார்னு அர்த்தம். உங்க ஆளை எடை போடுற புத்தியில ஓட்டை இருக்குன்னு இதுல இருந்து முடிவு கட்டுறது மேஜிக் ஷோவுல புறா எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, அதனால எனக்கு கண்ணு போச்சுன்னு சொல்ற மாதிரி.

ஒரு இடத்துல நான் உங்களுக்கு பொய் ஆறுதல் சொல்லக்கூடாது. வீட்டு ஆளுங்களால பெண்களுக்கு ஆபத்தே வராதுன்னு சொன்னா அது உண்மை இல்ல. ஐநாவோட போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான அலுவலகம் எடுத்த கணக்குப்படி 2017ல உலகத்துல கொல்லப்பட்ட பெண்கள் கிட்டத்தட்ட 87,000 பேர், அதுல சுமார் 50,000 பேரை, அதாவது 58 சதவீதத்தை, கொன்னது கணவரோ துணைவரோ குடும்பத்து ஆளோதான். ஆனா அந்த வீடுகள் உங்க சீரிஸ் மாதிரி இருக்கிறதில்ல. ஏழு புக்கு முழுக்க தங்கமா நடந்துக்கிட்டு எட்டாவதுல முகமூடியை கழட்டுறது நாவலுக்கு வேணும், நிஜத்துல பெரும்பாலும் ரொம்ப முன்னாடியே கண்ணு முன்னாடி நடந்துக்கிட்டுத்தான் இருக்கும், கை நீட்டுறது, கழுத்தைப் பிடிக்கிறது, யார்கிட்ட பேசணும்னு கட்டுப்படுத்துறது, பணத்தைப் பிடுங்கி வச்சுக்கிறது, போனா கொன்னுடுவேன்னு சொல்றது. அதைக் கண்டுபிடிக்க துப்பறியும் புத்தி வேண்டாம், பாத்ததை பாத்தேன்னு ஒத்துக்கிற தைரியம்தான் வேணும். உங்க லெட்டர்ல அப்படி ஒரு வரி கூட இல்ல, தங்கமான மனுஷன்னு தானா எழுதியிருக்கீங்க, நான் அதை நம்புறேன். ஒருவேளை எழுதாம விட்டது ஏதாவது இருந்தா, நான் மேல சொன்னதுல ஒண்ணாவது உங்க வீட்ல நடந்திருந்தா, இந்தப் பதில் உங்களுக்கு இல்ல, இதைக் கீழ வச்சுட்டு நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயோ பெண்களுக்கான உதவி மையத்துலயோ உடனே பேசுங்க.

சரி, அப்படி ஒண்ணும் இல்லைன்னு வச்சுக்கிட்டு என்ன பண்ணலாம்னு பார்ப்போம்.

அந்தக் குறிப்பு, போன்ல அவர் வர்ற நேரத்தை எழுதுறது, அதை இன்னைக்கே நிறுத்துங்க. கேவலம்னு சொல்லல, ஆபத்துன்னு சொல்றேன். எழுத ஆரம்பிச்சா எழுதுறதுக்கு விஷயம் கிடைச்சுக்கிட்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை 20 நிமிஷம் லேட், வெள்ளிக்கிழமையும் 20 நிமிஷம் லேட், பாத்தீங்களா பேட்டர்ன், அப்படின்னு மனசு கோலம் போட ஆரம்பிச்சுடும். அழிச்சுடுங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை முழுசா படிச்சுப் பார்க்கலாமான்னு தோணும், வேண்டாம்.

அழிச்சப்புறம் அவர்கிட்ட சொல்லுங்க. குறிப்பு எழுதினதையும் சொல்லணுமா? என்னைக் கேட்டா உடனே வேண்டாம், அது உங்க மனசை லேசாக்கும், அவர் மனசை பாரமாக்கும். ஆனா புக்கைப் பத்தி சொல்லுங்க. "ஒரு சீரிஸ் படிச்சேன், அதுல ரொம்ப நம்பின ஆள் மோசமானவனா இருந்தான், எனக்கு அது ரொம்ப நாளா மனசை விட்டுப் போகல, அதனால ராத்திரி கொஞ்சம் பதட்டமா இருக்கேன், நான் எரிஞ்சு விழுந்தா இதுதான் காரணம்." இவ்வளவு போதும். சிரிப்பாரோன்னு பயப்படுறீங்க, கொஞ்சம் சிரிக்கலாம், சிரிச்சா நீங்களும் கூட சிரிச்சுடுங்க, ரகசியமா இருக்கிற வரைக்கும்தான் அந்த டாக்டருக்கு உங்க வீட்ல இடம்.

எரிஞ்சு விழுறதுன்னு சொன்னேன்ல, முழு லெட்டர்ல நடுராத்திரி ரெண்டு சண்டை வந்ததா எழுதியிருந்தீங்க. அதுல பாதி உடம்போட வேலை. டால்ஃப் ஸில்மன்னு ஒரு உளவியலாளர் 1970கள்ல சொன்னது, ஒரு விஷயத்தால உடம்புல ஏறின படபடப்பு அந்த விஷயம் முடிஞ்ச உடனே இறங்காது, மிச்சம் கொஞ்சம் நிக்கும், அந்த மிச்சத்தை நாம அடுத்து வர்ற விஷயத்தோட கணக்குல எழுதிடுவோம். ராத்திரி ரெண்டரை மணிக்கு ஒரு துரத்தல் சீன் படிச்சு இதயம் அடிச்சுக்கிட்டு இருக்கு, புக்கை மூடுறீங்க, பக்கத்துல அவர் புரண்டு படுக்கிறார், உங்க உடம்பு அந்த அடிப்பை அவர் பேருல எழுதிடுது. இதை 24 ராத்திரி பண்ணியிருக்கீங்க. படுக்கை, இருட்டு, பக்கத்துல அவர், படபடப்பு, இந்த நாலையும் சேர்த்துக் கட்டிட்டீங்க, இப்ப புக்கு இல்லாமலே முடிச்சு இறுகுது. அதனால கொஞ்ச நாளைக்கு படுக்கையில எதுவும் படிக்க வேண்டாம், படுத்து ஒரு 20 நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா புரண்டுக்கிட்டு கிடக்காம எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க, கண்ணு சொருகினா மட்டும் திரும்பி வாங்க, காலையில எழுற நேரத்தை மட்டும் மாத்தாதீங்க, எவ்வளவு மோசமா தூங்கியிருந்தாலும். முதல் நாலஞ்சு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் சரியாகும்.

பூட்டு. இது எனக்குப் பிடிச்ச விஷயம், ஏன்னா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நெதர்லாந்துல மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் ரெண்டு பேரும் 2003ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஆளுங்களை கம்ப்யூட்டர்ல ஒரு கேஸ் அடுப்பை திரும்பத் திரும்ப அணைச்சு அணைச்சு செக் பண்ண வச்சாங்க. நிறைய தடவை செக் பண்ணவங்களுக்கு கடைசியா எதை செக் பண்ணோம்ங்கிற ஞாபகம் தப்பிப் போகல, ஆனா அந்த ஞாபகத்து மேல இருந்த நம்பிக்கை குறைஞ்சுடுச்சு. புரியுதா, சந்தேகம் வர்றதால செக் பண்றோம்னு நினைக்கிறோம், செக் பண்ணப் பண்ண சந்தேகம் வளருது. அதனால ஒரே ஒரு தடவை பூட்டுங்க, ஆனா முழு மனசோட. கையை பூட்டு மேல வச்சு, அதோட சில்லிப்பை கவனிச்சு, "பூட்டிட்டேன்"னு வாய்விட்டு சொல்லிட்டு வந்து படுங்க. மறுபடி போய்ப் பாக்கணும்னு மனசு பிடுங்கும். போகாதீங்க. பதட்டம் ஏறும், ஏறி ஒரு உச்சத்துக்கு வரும், அப்புறம் நீங்க ஒண்ணும் பண்ணாமலே இறங்கும். இதை உங்க உடம்பு சில ராத்திரி தானா அனுபவிச்சுப் பார்க்கணும், நான் எழுதி புரிய வைக்க முடியாது. வீட்டுக்காரரை அனுப்பி பார்த்துட்டு வரச் சொல்றதும் அதே செக்தான், அந்த குறுக்கு வழி வேண்டாம்.

மஞ்ச ரெயின்கோட்டுக்கு வேற வைத்தியம். அதை நினைக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு விரட்டுறீங்கன்னு நினைக்கிறேன். 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு உளவியலாளர் வெள்ளைக் கரடியை நினைக்காதேன்னு ஆளுங்ககிட்ட சொல்லிப் பார்த்தார், அவங்களால முடியல, அதோட அப்புறமா நினைக்கலாம்னு விட்டப்போ மத்தவங்களை விட அதிகமா நினைச்சாங்க. அதனால வந்தா வரட்டும், பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே "ஓ, அந்த ரெயின்கோட்டா, வா"ன்னு விடுங்க. இன்னொண்ணும் பண்ணலாம், பகல்ல, நீங்களா ஒரு நேரம் ஒதுக்கி, கண்ணை மூடி அந்தப் படத்தை வரவழைச்சு அதை மாத்துங்க. அந்தப் பொண்ணு ரெயின்கோட்டோட ஓடி வர்றா, ஒரு கதவு திறக்குது, யாரோ அவளைத் தூக்கிக்கிறாங்க, ரெயின்கோட்டைக் கழட்டி உதறி காயப் போடுறாங்க. அசட்டுத்தனமா இருக்கா? நிஜமான கொடுமையை அனுபவிச்சவங்களுக்கே ஆலோசனை அறையில நாங்க கிட்டத்தட்ட இதைத்தான் பண்ண வைக்கிறோம், இன்னும் ஜாக்கிரதையா, இன்னும் மெதுவா. கதை எழுதினவர் அவளைக் கொன்னதுக்கு நீங்க கட்டுப்படணும்னு ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை எதையாவது படிச்சு ஒரு சீன் கண்ணுல ஒட்டிக்கிட்டா உடனே படுக்காம கொஞ்ச நேரம் கண்ணுக்கு வேலை கொடுக்கிற விளையாட்டு ஏதாவது ஆடுங்க. எமிலி ஹோம்ஸ்ங்கிற உளவியலாளரோட குழு 2009ல கொடூரமான வீடியோ காட்டி அரை மணி நேரம் கழிச்சு சிலரை டெட்ரிஸ், அதான் மேல இருந்து விழுற கட்டங்களை அடுக்குற வீடியோ கேம், ஆட வச்சாங்க, ஆடினவங்களுக்கு அடுத்த ஒரு வாரத்துல அந்தக் காட்சிகள் திடீர்னு மனசுல வந்து குத்துறது குறைவா இருந்துச்சு. அஞ்சு வாரம் ஆன ரெயின்கோட்டுக்கு இது அப்படியே வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன், அடுத்ததுக்கு வச்சுக்கோங்க.

எனக்கு பி.டி.எஸ்.டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு, வந்துடுச்சான்னு ஒரு ஓரமா கேட்டிருந்தீங்க. இல்லங்க. மனநோய்களைக் கண்டறிய 2013ல வந்த டி.எஸ்.எம் 5ங்கிற அளவுகோல்படி அதுக்கு உயிருக்கு ஆபத்து, பெரிய காயம், பாலியல் வன்முறை மாதிரி ஏதாவது நிஜத்துல நடந்திருக்கணும், ஒரு கற்பனைக் கதையைப் படிச்சது அதுல வராது. ஆனா பேர் இல்லாத வலியும் வலிதான், அதனால ஒரு எல்லை சொல்றேன். இன்னும் மூணு நாலு வாரம் நான் சொன்னதைப் பண்ணியும் தூக்கம் சரியாகாம வேலை கெட்டுப்போச்சுன்னா, செக் பண்றதே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தின்னுச்சுன்னா, வீட்டுக்காரர் மேல இருக்கிற சந்தேகம் எவ்வளவு விளக்கம் கிடைச்சாலும் அசையாம உறுதியாகிக்கிட்டே போச்சுன்னா நேர்ல ஒருத்தரைப் பாருங்க. இன்னொண்ணும் உங்களை நீங்களே கேட்டுக்கோங்க, எனக்கு பதில் எழுத வேண்டாம், இந்தப் புக்குக்கு ரொம்ப முன்னாடி, நிஜ வாழ்க்கையில, நீங்க முழுசா நம்பின ஒருத்தர் எட்டாவது புக்கு மாதிரி எதையாவது பண்ணியிருக்காங்களா? இல்லைன்னா விடுங்க, எல்லாத்துக்கும் சின்ன வயசுல காரணம் தேடுறது எங்க தொழிலோட கெட்ட பழக்கம். ஆமாம்னா அதை நேர்ல பேசணும், இந்த மாதிரி எழுத்துல முடியுற விஷயம் இல்ல.

க்ரைமை விட்டுடணுமான்னா, எதுக்கு? பிடிச்சதை பயந்து விட்டா அந்தப் பயம் பெருசாத்தான் ஆகும். நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். அந்த எட்டையும் மறுபடி எடுங்க. பகல்ல, உக்காந்து, பென்சிலோட. முழுசா வேண்டாம், டாக்டர் வர்ற இடங்கள் மட்டும். இப்ப உங்களுக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாத விஷயம் உங்க கையில இருக்கு. முடிவு தெரிஞ்சா சுவாரசியம் போயிடும்னு நினைக்காதீங்க, 2011ல ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட்னு ரெண்டு பேர் சிறுகதைகளை வச்சு செஞ்ச பரிசோதனையில முடிவை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுப் படிச்சவங்க சராசரியா அதிகமாவே ரசிச்சிருந்தாங்க, மர்மக் கதைகளையும் சேர்த்து. எங்க எழுத்தாளர் உங்க கண்ணைத் திருப்பினார், எந்த வரியில ரெண்டு அர்த்தம் வச்சார், அந்த அம்மா இறந்த சீன்ல உண்மையில என்ன நடந்துச்சு, எல்லாத்துக்கும் கோடு போடுங்க. சில இடத்துல அட பாவின்னு இருக்கும், சில இடத்துல இது போங்காட்டம், இதுக்கு முன்னாடி துப்பே வைக்கலையேன்னு கோவம் வரும், அந்தக் கோவம் ரொம்ப நல்லது, அது போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்ட, அதாவது எழுதினவர்கிட்ட, போய்ச் சேருது. இதுவரைக்கும் அதை உங்க வீட்டுக்காரர்தான் வாங்கிக்கிட்டு இருந்தார்.

கோடு போடும்போது அழுகை வந்தா அழுங்க. அந்த டாக்டர் போயிட்டார், ரெண்டு தடவை போயிட்டார், நல்லவரா ஒரு தடவை, ஆளா ஒரு தடவை. அதுக்கு யாரும் உங்ககிட்ட வந்து துக்கம் கேட்கப்போறதில்ல, இருந்தாலும் இழவு இழவுதான். அந்த சீரிஸை சொன்ன ஃப்ரெண்டுக்கு போன் போடுங்க, அவளும் படிச்சிருப்பால்ல, ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டுங்க, எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்ல கருமாதி கிடையாது.

ஒன்பதாவது புக்கு ரெண்டு மாசத்துல வருதுன்னீங்க. நல்லது, அதுக்குள்ள பூட்டும் தூக்கமும் ஒரு நிலைக்கு வந்திருக்கும். வந்திருந்தா வாங்குங்க, வரலைன்னா அது எங்கயும் ஓடிடாது. ஒரு நாளைக்கு அம்பது பக்கம், சாயங்காலத்துக்குள்ள, படுக்கிற ரூமுக்கு அந்தப் புக்கு வரவே கூடாது. சாப்டர் முடியுற இடத்துல நிறுத்தாதீங்க, அங்கதான் கொக்கி வச்சிருப்பாங்க, நடுவுல ஒரு சாதாரண பேச்சு ஓடும்போது நிறுத்துங்க. தாங்க முடியலைன்னா கடைசி சாப்டரை முதல்ல படிச்சுடுங்க, யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. புதுசா ஒரு போஸ்ட்மார்ட்டம் டாக்டர் வருவார், அன்பா பேசுவார், முதல் பக்கத்துல இருந்தே அவரை நீங்க சந்தேகப்படுவீங்க. தாராளமா படுங்க, அவரை சந்தேகப்படத்தான் காசு கொடுத்து வாங்குறீங்க. பக்கத்துல வீட்டுக்காரர் இருந்தா அவர்கிட்டயும் கேளுங்க, இவன் மேல உங்களுக்கு டவுட் வருதான்னு.

ஒரு ஆறு வாரம் கழிச்சு பூட்டு எத்தனை தடவைன்னு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்க.